புது வண்டியில் என்ஜின் பழுது: எல்லைப்புறத் தமிழர் கவனத்துக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கி மலைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, ஒரு காலத்தில் ஒரு ஜோடி மாடும் வண்டியும் எப்படியோ, இன்று ஒரு பிக்-அப் வண்டி அப்படி. வேலந்தாவளம் சந்தைக்கு வரும் காய்கறி, முதலமடை மாம்பழம், வட்டவடை, காந்தளூர் பகுதிகளின் பூண்டும் காரட்டும், மறையூர் வெல்லம், பூப்பாறை, நெடுங்கண்டம் பகுதிகளின் ஏலக்காய், கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் பலசரக்கு என்று பலவும் இந்தச் சிறு வண்டிகளை நம்பித்தான் நகர்கின்றன. 2005இல் டாட்டா ஏஸ் வந்தபோது நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அதுவரை பிறர் லாரியில் டிரைவராகவும் கிளீனராகவும் இருந்த பலர், கடன் வாங்கிச் சொந்த வண்டிக்கு முதலாளி ஆனது இப்படிப்பட்ட சிறு வண்டிகளால்தான்.

அந்த வண்டி வாங்கிய சில மாதங்களிலேயே, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள், என்ஜின் ‘ஜாம்’ ஆகி நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஏற்றிய காய்கறி வழியிலேயே வாடுகிறது. வாடிக்கையாகச் சரக்குக் கொடுத்தவர் வேறு வண்டியைத் தேடிக்கொள்கிறார். கடன் தவணையோ மாதம் தவறாமல் வந்து நிற்கிறது. ‘புது வண்டிதானே, வாரண்டி இருக்கிறதே’ என்று நம்பிப் போனால், ‘இது உங்கள் தவறு; வாரண்டியில் வராது’ என்ற பதிலும் வரக்கூடும்.

அப்படி ஒரு பதில் வரும்போது வண்டிக்காரர் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது. பழுது நேர்ந்த முதல் இரண்டு நாட்களில் அவர் செய்வதும் செய்யாமல் விடுவதுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. என்ஜினைப் பற்றிச் சிறிதும் சட்டத்தைப் பற்றிச் சிறிதும் தெரிந்து வைத்திருப்பது, சொந்த வண்டி ஓட்டுபவருக்கு ஓட்டுநர் உரிமத்தைப் போலவே அவசியமாகிவிட்டது.

என்ஜின் ஏன் சீக்கிரம் போகிறது?

டீசல் என்ஜினுக்கு உயிர் மூன்று: எண்ணெய், குளிர்ச்சி, சுத்தமான காற்று. இவற்றில் ஒன்று தவறினாலும் புது என்ஜினும் சீக்கிரமாகவே கெடும்.

ஆயில் பம்ப் சரியாக வேலை செய்யாவிட்டாலோ, ஆயில் செல்லும் வழியில் அடைப்பு இருந்தாலோ, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் உலர்ந்து தேய்ந்து பிடித்துக்கொள்ளும். தண்ணீர்ப் பம்ப், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் இவற்றில் கோளாறு வந்தால் சூடு ஏறி, சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் வெடிக்கும். ஏர் பில்டரின் மூடி சரியாக உட்காராமல் தூசி உள்ளே போனால், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஆகிவிடும். இன்ஜெக்டர் ஒன்று மூடாமல் டீசலை ஒழுக விட்டால், அந்த ஒரு பிஸ்டனின் தலை மட்டும் உருகிப் போகும். இவற்றில் சில தொழிற்சாலையில் நேர்ந்த பிழையாக இருக்கலாம். சில பராமரிப்புக் குறையாக இருக்கலாம். என்ஜினைத் திறந்து பார்க்காமல் வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் கட்டாயமான பாரத் ஸ்டேஜ்-6 புகை விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பல டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி ஓடும்போதே அந்தக் கரியை அது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். குறைந்த தூரம் ஓடி அடிக்கடி நிறுத்தப்படும் வண்டியில் இந்த வேலை பாதியில் நின்று போகிறது. சில அமைப்புகளில் அதற்காகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி என்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். ஆயில் கம்பியை எடுத்துப் பார்க்கும்போது அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், மகிழ்ச்சி அடையக் கூடாது. உடனே காட்ட வேண்டும்.

மலைப்பாதையின் சோதனை

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏற்றம். உடுமலையிலிருந்து சின்னாறு கடந்து மறையூர், அங்கிருந்து மூணாறு வரை மீண்டும் ஏற்றம். பாரம் ஏற்றிய வண்டி இந்தப் பாதைகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நெடுநேரம் திணறி ஏறுகிறது. வேகம் குறைவாக இருப்பதால் ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறைவு. அதே நேரத்தில் என்ஜின் கக்கும் சூடு அதிகம்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் வண்டியில் அப்படிக் கொதிக்காமல் இருக்கிறது. அந்த மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் சமவெளியில் தெரியாத குறை மலையில் தெரியும். சில நூறு ரூபாய்ச் சாமான் ஒன்று பெரிய என்ஜினைக் கவிழ்த்துவிடும்.

இறக்கத்திலும் ஆபத்து உண்டு. சிறிய கியரில் வண்டியைப் பாரத்தோடு வேகமாக உருளவிட்டால், ஆக்சிலேட்டரை மிதிக்காமலே என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும். வால்வுகள் பிஸ்டனில் இடிபட இது போதும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டி இதைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறது என்பதை வண்டிக்காரர் மறக்கக் கூடாது.

பாலக்காட்டுப் பக்கம் சோதனை வேறு விதமானது. கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்றும், கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயிலும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து மண் பாதைகளின் தூசியும் ஏர் பில்டரைச் சீக்கிரம் அடைக்கும். புத்தகத்தில் குறித்த கிலோமீட்டர் வரை காத்திராமல் அதற்கு முன்பே பில்டரைப் பார்ப்பது நல்லது.

முன்பெல்லாம் புது வண்டியின் பின்னால் ‘ரன்னிங் இன்’ என்று எழுதி ஒட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டுவார்கள். அந்த எழுத்து மறைந்துவிட்டது. அதற்கான தேவை முழுக்க மறைந்துவிடவில்லை. முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு எப்படி ஓட்ட வேண்டும், எவ்வளவு ஏற்றலாம் என்று வண்டியோடு தரும் புத்தகத்தில் போட்டிருப்பதைப் படித்துவிட்டே மலைக்குப் பாரம் ஏற்ற வேண்டும்.

முதல் காரியம் நிறுத்துவது

ஆயில் விளக்கு எரிந்தாலும், சூட்டு முள் சிவப்பைத் தொட்டாலும், என்ஜினில் ‘டக், டக்’ என்ற புதுச் சத்தம் கேட்டாலும், அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். ‘இன்னும் நாலு மைல்தானே, ஊர் போய்விடலாம்’ என்ற ஆசை இரு வகையில் நஷ்டம் தரும். பேரிங்கோடு போகக்கூடிய பழுது முழு என்ஜினுக்கும் பரவும். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் வண்டியை ஓட்டினார் என்ற காரணத்தைக் கம்பெனியின் கையில் நாமே கொடுத்ததாகவும் ஆகும்.

கொதிக்கும் ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் கூடாது. மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தில் இந்த இரு மாவட்டங்களும் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். காற்றுக் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது தயாரிப்புக் குறை ஆகாது. வாரண்டியிலும் வராது.

நிறுத்திய பிறகு, கையில் உள்ள போனில் சில படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்: கிலோமீட்டர் காட்டும் மீட்டர், எரியும் விளக்குகள், ஆயில் கம்பியில் தெரியும் அளவும் நிறமும், வண்டிக்குக் கீழே ஒழுகியிருந்தால் அதுவும், ஏற்றியிருந்த பாரமும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். வெள்ளைப் புகை வந்ததா, நீலப் புகையா, கறுப்புப் புகையா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளை பெரும்பாலும் தண்ணீரையும், நீலம் எரியும் ஆயிலையும், கறுப்பு காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும்.

பிறகு கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசி, புகார் எண்ணை வாங்கி, எழுதி வைக்க வேண்டும். அதையே ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிட்டால் தேதியும் நேரமும் தாமே சாட்சி சொல்லும்.

உள்ளூர் மெக்கானிக் கை வைக்கலாமா?

பொள்ளாச்சியிலும் கம்பத்திலும் உள்ள மெக்கானிக்குகளின் கைத்திறனைப் பற்றிச் சந்தேகம் வேண்டியதில்லை. கம்பெனிப் பொறியாளர் தடுமாறும் இடத்தில் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்பவர்கள் அவர்களில் உண்டு. ஆனாலும் வாரண்டிக் காலத்தில் உள்ள என்ஜினை அவர்கள் திறந்துவிட்டால், ‘வெளியே பிரித்திருக்கிறார்கள்’ என்ற ஒரே வரியில் கம்பெனி கழன்றுகொள்ள இடம் கிடைத்துவிடும். என்ஜின் எப்படிக் கெட்டது என்பதற்கான தடயமும் அத்துடன் அழிந்து போகும்.

எனவே நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்து வந்து பார்க்கச் சொல்லலாம்; கருத்துக் கேட்கலாம்; ஸ்பானரை மட்டும் வைக்க விடக் கூடாது. வண்டியைக் கட்டி இழுத்தோ, இழுவை வண்டியில் ஏற்றியோ அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கோவையில் வாங்கிய வண்டியைக் கோவைக்கே இழுத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டி, நாட்டில் உள்ள அவர்களது எந்த அங்கீகார நிலையத்திலும் செல்லும். வாரண்டிப் புத்தகத்தில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு அருகில் உள்ள இடத்துக்குப் போகலாம். இழுவை வண்டிக்குக் கொடுத்த பணத்துக்கும் ரசீது வேண்டும்.

ஜாப் கார்டு என்ற சாட்சி

சர்வீஸ் நிலையத்தில் முதலில் எழுதப்படும் ‘ஜாப் கார்டு’ வண்டிக்காரரின் மிகப் பெரிய சாட்சி. அவர் சொன்ன பழுது அதில் அவர் சொன்னபடியே ஏற வேண்டும். ‘ஏற்றத்தில் சத்தம் வந்தது, விளக்கு எரிந்தது, அணைத்தேன், பிறகு திரும்பவில்லை’ என்று சொன்னதை ‘பொதுப் பரிசோதனை’ என்று இரண்டு சொல்லில் சுருக்கி எழுதினால் கையெழுத்துப் போடக் கூடாது. ஆங்கிலத்தில் அச்சாகி வரும் தாளை, படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து.

என்ஜினைத் திறக்கும் நாளில் உடனிருக்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். திறக்கும்போது படம் எடுக்க வேண்டும். உடைந்த, தேய்ந்த பாகங்களின் பட்டியலும், கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து எடுத்த பதிவின் நகலும் கேட்க வேண்டும். வாரண்டியில் மாற்றிய பழைய பாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்வது வழக்கம் ஆதலால், அது கண்ணைவிட்டு மறையும் முன் படத்தில் இருக்க வேண்டும். பழைய ஆயிலில் கொஞ்சம் சுத்தமான புட்டியில் பிடித்து முத்திரை வைத்தால், பின்னால் பரிசோதனைக்கு உதவும். தூசி உள்ளே போயிருந்தால் ஆயிலில் சிலிக்கான் காட்டும். பேரிங் தேய்ந்திருந்தால் ஈயமும் செம்பும் காட்டும்.

மறுப்புக்குச் சொல்லும் காரணங்கள்

வாரண்டியை மறுக்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. அவற்றுக்கு முன்கூட்டியே ஆதாரம் சேர்த்து வைக்கலாம்.

‘சர்வீஸ் தவறிவிட்டது’ என்பது முதலாவது. கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் மாதம் வந்துவிட்டால் சர்வீஸ் செய்தாக வேண்டும். இரண்டாவது, ‘வேறு ஆயில் ஊற்றியிருக்கிறார்கள்’ என்பது. புத்தகத்தில் சொன்ன தரத்து ஆயிலை வாங்கிய பில் இதற்குப் பதில்.

மூன்றாவது, ‘அதிகப் பாரம்’. எடை மேடையில் போட்ட ரசீதுகளை வீசி எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வைத்தால், ஆறு மாதத்துக்குப் பிறகு அதன் மதிப்புத் தெரியும். கூடுதல் பட்டை போட்டு ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டி, அதிகப் பாரம் ஏற்றியதாகத் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான்காவது, ‘டீசலில் தண்ணீர், கலப்படம்’. எல்லையில் எந்தப் பக்கம் விலை குறைவோ அந்தப் பக்கம் டீசல் போடுவது இயல்பு. எங்கே போட்டாலும் பில் வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் பங்கிலேயே அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

வாரண்டி கிடையாது என்று வாயால் சொன்னால் ஏற்கக் கூடாது. எந்த விதிப்படி, எந்தச் சோதனையின் முடிவைக்கொண்டு மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் தர மறுத்தால், கேட்டதையே ஸ்பீடு போஸ்டில் டீலருக்கும் கம்பெனிக்கும் தனித்தனியே அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வேறு என்ஜின் தந்தால்

சில நேரங்களில் கம்பெனி இணங்கி வந்து என்ஜினை மாற்றித் தரும். அப்போதும் கேட்க வேண்டியவை சில உண்டு. முழு என்ஜினா, ‘ஹாஃப் என்ஜின்’ எனப்படும் கீழ்ப் பாகம் மட்டுமா? புதியதா, பழுதுபார்த்ததா? அதற்கு வாரண்டி புதிதாகத் தொடங்குமா, பழைய வாரண்டியில் மிச்சம் உள்ள நாட்கள் மட்டுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

என்ஜின் எண் மாறினால் அதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். சித்தூர் (கே.எல். 70) ஆனாலும் தேவிகுளம் (கே.எல். 68) ஆனாலும், வண்டி பதிவான மோட்டார் வாகன அலுவலகத்தில் உடனே தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவர்களுக்குத் தணிக்கையிலும் வண்டியை விற்கும்போதும் தொல்லை வரும்.

சட்டம் யார் பக்கம்?

1986 வரை ஏமாந்த வாடிக்கையாளருக்கு 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் சிவில் கோர்ட்டுமே கதி. 1986 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சுமையைக் குறைத்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் சரக்கு வண்டிக்காரருக்கு வாசலிலேயே ஒரு தடை உண்டு. ‘வியாபார நோக்கத்துக்காக’ வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்கிறது சட்டம். பிக்-அப் வியாபாரத்துக்குத்தானே என்று எதிர்த்தரப்பு வாதிடும். இதற்கு விடை தந்த வழக்கில் எதிர்த்தரப்பு நமக்குப் பக்கத்து ஊரான கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட். அங்கிருந்து இயந்திரம் வாங்கிய மகாராஷ்டிரத்து லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவர் அந்த வழக்கில் தோற்றார். ஆனாலும் அந்தத் தீர்ப்பில் சொன்ன விளக்கம் லட்சக்கணக்கான டிரைவர்களுக்குக் கேடயமாயிற்று.

பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஒருவர் வாங்கி, தாமே ஓட்டும் ஆட்டோவும் லாரியும் வியாபார நோக்கத்தில் சேராது. அவர் நுகர்வோரே என்றது நீதிமன்றம். ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆனால் முழுக்க முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காகவே வாங்கியவருக்கு அந்தத் தகுதி கிடையாது. இந்தக் கருத்து 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே புகார் மனுவில், ‘என் பிழைப்புக்காக, சுயதொழிலாக, நானே ஓட்டுவதற்காக வாங்கிய வண்டி’ என்ற வாசகம் விடுபடாமல் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தின் நகலும் சேர்ந்திருக்க வேண்டும்.

புது வண்டியே கிடைக்குமா?

என்ஜின் போனவர் எல்லாரும் முதலில் கேட்பது, ‘வண்டியையே மாற்றித் தரட்டும்’ என்பதுதான். அது எளிதல்ல. மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றினால் சரியாகும் என்ற நிலையில் வண்டி முழுவதையும் மாற்றச் சொல்வது பொருந்தாது என்றது. 2010இல் பியட் கார் ஒன்றின் என்ஜின் சத்தம் பற்றிய வழக்கில், தனி நிபுணர் ஒருவர் வண்டியைப் பார்த்து, அது பிறவியிலேயே உள்ள தயாரிப்புக் குறைதான் என்று சொன்னால், விலையை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றது. 2004இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில், குறையுள்ள காரைப் புதிது என்று விற்றதையும், குறையை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடியதையும் நீதிமன்றம் கண்டித்தது.

இந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தயாரிப்புக் குறை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வாங்கியவர் தோளில்தான் விழுகிறது. அதற்கு நிபுணர் அறிக்கை வேண்டும். ஆணையத்திடம் மனுக் கொடுத்து, பொறியியல் கல்லூரி ஆசிரியர், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் போன்ற ஒருவரை நியமிக்கும்படி கேட்கலாம். நிபுணர் வரும்வரை என்ஜின் பிரித்த நிலையிலேயே, பாகங்கள் கலையாமல் இருக்க வேண்டும் என்றும் ஆணை கேட்க வேண்டும்.

மனுவில் டீலரையும் கம்பெனியையும் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது அவசியம். டீலரின் தவறுக்குக் கம்பெனியே எப்போதும் பொறுப்பு என்று சொல்ல முடியாது என 2021இல் டாட்டா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. யார் மீது என்ன குறை என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும்.

எந்த ஊரில் வழக்கு?

எல்லைப்புறத்துத் தமிழருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் செய்த பெரிய நன்மை இதில்தான். பழைய சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ விவகாரம் எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். கோவையிலோ தேனியிலோ வண்டி வாங்கியவர் வழக்குக்காகவும் மலையிறங்கிப் போக வேண்டியிருந்தது. இப்போது வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலோ, பிழைப்புக்காகத் தொழில் செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். சித்தூர் தாலுகாவில் இருப்பவருக்குப் பாலக்காடு மாவட்ட ஆணையமும், மறையூரில் இருப்பவருக்கு இடுக்கி மாவட்ட ஆணையமும் போதும்; வண்டி தமிழ்நாட்டில் வாங்கியதாக இருந்தாலும் சரி.

2021 டிசம்பர் விதிகளின்படி, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் மாவட்ட ஆணையத்தைச் சேரும். கட்டணமும் அதிகமில்லை. விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தாமே வாதாடலாம். வசதி இல்லாதவர் தாலுகா சட்டப் பணிக் குழுவை அணுகலாம்.

காலவரம்பு இரண்டு ஆண்டு. ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று நடக்கவிட்டே அந்த இரண்டு ஆண்டும் ஓடிவிடும் என்பதால் நாளைக் கணக்கு வைத்திருக்க வேண்டும். மூன்று மாதத்திலும், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகலாம். மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போகும் கம்பெனி, கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லிப் பார்க்கலாம். சில விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

மொழி ஒரு தடையா?

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. சித்தூர், தேவிகுளம், பீருமேடு பகுதித் தமிழர்கள் மோட்டார் வாகன அலுவலகத்துக்கு எழுதும்போது இந்த உரிமையை நினைவில் வைக்கலாம். நுகர்வோர் ஆணையம் நீதிமன்றம் போன்றது ஆதலால் அங்கே தமிழ் ஆவணங்களோடு மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுப்பது உத்தமம்.

தவணையும் இன்சூரன்ஸும்

வண்டி நின்றாலும் கடன் நிற்காது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஜாப் கார்டின் நகலுடன் கடிதம் எழுதி, தவணையைத் தள்ளிவைக்கக் கேட்க வேண்டும். கேட்காமல் தவணையை நிறுத்தினால், வழக்கு முடியும் முன்பே வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள். சாட்சியும் வண்டியோடு போய்விடும். சாதாரண மோட்டார் இன்சூரன்சில் இயந்திரக் கோளாறு சேராது என்பதால் அந்தப் பக்கம் பணம் வரும் என்று எண்ணியிருக்கக் கூடாது. வேலையிழந்த நாட்களுக்கு நஷ்டஈடு கேட்பதானால் முந்தைய மாதங்களின் வாடகைக் கணக்கு வேண்டும். ஆகையால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் சவாரியும் வரவும் எழுதி வருவது பழுதே வராத வண்டிக்காரருக்கும் நல்லது.

வண்டி டெலிவரி எடுக்கும் நாளில் பூசை போடுகிறோம், சந்தனம் குங்குமம் வைக்கிறோம், எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அன்றே ஐம்பது ரூபாய்க்கு ஒரு பைலும் வாங்கிவிட வேண்டும். பில், வாரண்டிப் புத்தகம், சர்வீஸ் ரசீது, ஆயில் பில், எடைச் சீட்டு, கடன் ஒப்பந்தம் எல்லாம் அதில் சேரட்டும். அந்தப் பைல் வண்டிப் பெட்டிக்குள் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். வண்டி சர்வீஸ் நிலையத்தில் மாதக் கணக்கில் நிற்க நேர்ந்தால், குடும்பத்துக்காகப் பேசப்போவது அந்தப் பைல்தான்.